பெரிய வீடு, வயதான இருவர்: எந்த நாய் சரிப்படும்?

வளவுவீடு:
கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில், முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. அதில் இப்போது அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டும் இருக்கிறார்கள். பகலில் வேலைக்கு ஒரு அம்மா வருவார், ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன், அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சமீபத்தில் எங்கள் தெருவிலேயே பூட்டிக்கிடந்த வீட்டில் யாரோ புகுந்து பித்தளைச் சாமான், பழைய பூட்டு, கதவில் இருந்த வேலைப்பாடு வரைக்கும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து நாய் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. நான் சென்னையில் இருக்கிறேன். மே மாதம் தங்கச்சி பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வரும், சின்னவனுக்கு நான்கு வயது. காவலுக்கும் ஆக வேண்டும், பிள்ளைகளோடும் ஒத்துப்போக வேண்டும். மச்சான் ராட்வைலர் வாங்கு என்கிறார், ஆபீஸில் லாப்ரடார் என்கிறார்கள், அப்பச்சி வாயே திறக்கவில்லை. வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ராஜபாளையம் வாங்குங்கள். அரை நாள் பயணம், நேரில் போய்த் தாய் தகப்பனைப் பார்த்து எடுத்து வரலாம். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீளக் கால், வாசலில் சும்மா படுத்திருந்தாலே கொரியர்காரன் கேட்டுக்கு வெளியே நின்று போன் பண்ணுவான். 2005இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். மத்திய அரசின் கால்நடை மரபுவள நிறுவனம் முதல்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது எடுத்த மூன்றில் இரண்டு நம்முடையவை, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், மூன்றாவது கர்நாடகத்து முதோல். நம் ஊரிலேயே இவ்வளவு இருக்கும்போது ஜெர்மன்காரன் நாய் எதற்கு.

சும்மாவந்தவன்:
ஸ்டாம்ப்பைக் கதவில் ஒட்டி வைத்தால் திருடன் வரமாட்டானா?

லாப்பிரியன்:
ராஜபாளையம் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம் சார். லாப்ரடார் எடுங்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டில் இது இரண்டாவது லாப். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் காதைப் பிடித்து இழுப்பார்கள், வாலை மிதிப்பார்கள், எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சுபாவத்தில் அதற்கு நிகர் இல்லை.

மாட்டு டாக்டர்:
நான் இந்தப் பக்கத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். ஆடு மாடுதான் அதிகம், ஆனால் இப்போது காரைக்குடி, தேவகோட்டையில் நாயும் நிறைய வருகிறது. பள்ளத்தூர்க்காரன் சொன்னதில் பாதி சரி. ராஜபாளையம் நல்ல காவல் நாய்தான், ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு செவிடும் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு, டால்மேஷியனுக்கு இருப்பது மாதிரியே. நிறத்தைத் தருகிற செல்கள் உள்காதிலும் வேலை பார்க்கின்றன, அவை அங்கே இல்லாமல் போன குட்டிக்குப் பிறந்த சில வாரத்திலேயே காது கேட்காது. காது கேட்காத நாயை முகப்பில் போட்டு என்ன காவல் பார்க்க முடியும்? குட்டி எடுக்கப் போகிறவர்கள் அதை மட்டும் தனியாக ஓர் அறையில் விட்டு, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மற்றக் குட்டிகளோடு வைத்துத் தட்டினால் ஒன்று திரும்புவதைப் பார்த்து எல்லாம் திரும்பிவிடும், ஒன்றும் தெரியாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது, ராஜபாளையம் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். வாட்ச்மேன் சோறு வைத்தால் அது வாட்ச்மேன் நாய். வருடத்தில் ஒரு மாதம் வந்து போகும் பேரப்பிள்ளை அதன் கணக்கில் வெளியாள், வளவில் ஓடி விளையாடும் வெளியாள்.

மச்சான் சொன்ன ராட்வைலர் பற்றி. மத்திய அரசு 2024 மார்ச்சில் இருபத்துமூன்று இனங்களைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியதில் அதுவும் இருந்தது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தை விடுங்கள். அது மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் ஜெர்மனியில் கசாப்புக்காரர்கள் வைத்திருந்த நாய், வளர்ந்த ஆண் ஐம்பது கிலோவைத் தாண்டும். சங்கிலியின் மறுமுனையை யார் பிடிப்பது? அப்பச்சி அதை நடத்திக்கொண்டு போகமாட்டார், அதுதான் அப்பச்சியை நடத்திக்கொண்டு போகும்.

தேவகோட்டை ஆச்சி:
டாக்டர் சொல்வது ரொம்பச் சரி. எங்கள் தெருவில் ஒருத்தர் வீட்டில் அந்த ராட்வைலர் இருந்தது, நல்ல நாய்தான், ஒரு பொல்லாப்பும் இல்லை, ஆனால் ஒரு நாள் பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் அந்த வீட்டு ஐயா படியில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. நாய் கடித்தால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் வயதில் அது பாசத்தோடு மேலே பாய்ந்தாலே போதும் தம்பி.

செவலைக்கன்னி:
கன்னி, சிப்பிப்பாறை பற்றி யாரும் பேசவில்லையே. நான் இரண்டும் வைத்திருக்கிறேன். கருப்பில் பழுப்பு போட்டது கன்னி, செவலை, சாம்பல், மயிலை எல்லாம் சிப்பிப்பாறை என்பார்கள், இரண்டும் ஒரே இனம்தான் நிறம்தான் வேறு என்று சொல்பவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு இங்கே வரவில்லை. இவை கண்ணால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் பிடித்து மெதுவாகத் தேடாது, தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், அடுத்த நிமிடம் ஆள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்தக் காலத்தில் முயலுக்கு விட்டார்கள். இப்போது 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், மாசியில் பாரிவேட்டை என்று கிளம்புகிறவர்களையும் வனத்துறை தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாயின் ரத்தத்தில் இருக்கிற ஓட்டத்தை யார் தடுப்பது? தினம் ஒரு தடவை அவிழ்த்துவிட்டு ஓடவிட இடம் இருந்தால் வீட்டுக்குள் இதைவிடச் சாதுவான நாய் கிடையாது, மூலையில் சுருண்டு படுத்துத் தூங்கும், சத்தம் போடாது, கொஞ்சம் தின்னும், நம் வெயில் தாங்கும். ஓடவிடாமல் கட்டி வைத்தால் சங்கிலியைக் கடிக்கும், குழி தோண்டும், தப்பித்தால் பக்கத்து வீட்டுக் கோழியில் கணக்கைத் தீர்க்கும்.

காவலுக்கு? நேர்மையாகச் சொன்னால் சுமார். தன் ஆளுக்கு உயிரைக் கொடுக்கும், ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற குணம் எல்லாக் கன்னிக்கும் இருப்பதில்லை. இன்னொன்று, உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் மயக்க மருந்தில் சிலது இந்த ஜாதிக்கு ஒத்துக்கொள்ளாது, ஆபரேஷன் என்று வந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே இன்ன நாய் என்று சொல்லிவிட வேண்டும்.

மாட்டு டாக்டர்:
மயக்க மருந்து விஷயம் உண்மை. கிரேஹவுண்ட் மாதிரியான வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் வகை மருந்து போட்டால் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆகும், அதனால் அவற்றுக்கு வேறு மருந்துதான் போடுவோம்.

பள்ளத்தூர்க்காரன்:
கோம்பையை மறந்துவிட்டோம். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். செவலை உடம்பு, கருத்த வாய், ராஜபாளையத்தைவிட உயரம் கம்மி, ஆனால் கட்டை உடம்பு, பன்றியையே நின்று பார்க்கிற நாய். காவல் என்றால் அதுதான். செவிட்டுப் பிரச்சினையும் இல்லை டாக்டர், சரிதானே?

மாட்டு டாக்டர்:
சரிதான், வெள்ளைத் தோல் இல்லாததால் அந்தக் கவலை குறைவு. குணம் கொஞ்சம் சூடு. சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பழக்காவிட்டால் வீட்டுக்கு வருகிற கொத்தனார், ஆசாரி, சொந்தக்காரர் யாரையும் உள்ளே விடாது. உங்கள் வீடுகளில் கல்யாணம், சாந்தி, படைப்பு என்று வந்துவிட்டால் நூறு பேர் நடமாடுவார்களே, அன்றைக்கு அது எங்கே இருக்கும் என்று இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

லாப்பிரியன்:
எல்லோரும் காவல் காவல் என்கிறீர்கள், எங்கள் லாப் இருக்கிற வீட்டில் இதுவரை திருட்டே போனதில்லை.

சும்மாவந்தவன்:
திருடனுக்கு வழிகாட்டி டார்ச்சும் பிடிக்கும் உங்கள் லாப்.

லாப்பிரியன்:
சிரியுங்கள். ஒத்துக்கொள்கிறேன், அது கடிக்காது. நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு படகில் போய், வலையிலிருந்து நழுவின மீனைப் பிடித்துக் கொடுத்த நாய்களின் வாரிசு இது, பிறகு இங்கிலாந்தில் சுட்ட பறவையைப் பல் படாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். எதையும் மெதுவாகக் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுப்பதுதான் அதன் வேலை, மனிதனைப் பார்த்துப் பல்லைக் காட்டச் சொன்னால் அதற்கு எங்கே தெரியும். அந்தத் தண்ணீர் ஆசை இன்னும் போகவில்லை. எங்கள் முதல் லாப் ஊருணியைப் பார்த்தால் நிற்காது, ஒரே தாவு. குடிதண்ணீர் ஊருணி என்று அதற்குத் தெரியுமா? ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்புறம் நடைக்குப் போகிற பாதையையே மாற்றினோம். ஆனால் உருவம் பெரிது, கருப்பு லாப் என்றால் இருட்டில் பார்க்கிறவனுக்கு அது கடிக்குமா கடிக்காதா என்று தெரியாது. பாதிக் காவல் அதுதானே.

தேவகோட்டை ஆச்சி:
லாப்ரடார் என்றால் எனக்கு ஞாபகம் வருவது அதன் வயிறுதான். எவ்வளவு போட்டாலும் போதாது என்று கண்ணாலேயே கேட்கும். என் அக்கா வீட்டில் இட்லி, இடியாப்பம், கறிக்குழம்புச் சோறு எல்லாம் போட்டுப் போட்டு அது நடக்க முடியாமல் போய்விட்டது.

மாட்டு டாக்டர்:
ஆச்சி, அது கள்ளப்பசி இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள், லாப்களில் நான்கில் ஒன்றுக்குப் பக்கமாக ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லாமலே பிறக்கின்றன, அதனால் சாப்பிட்ட திருப்தி சரியாக வருவதில்லை. நிஜமாகவே பசிக்கிறது. ஆகவே லாப் வளர்க்கிற வீட்டில் ஒரு ஆள் மட்டும் அளந்து வைக்க வேண்டும், பாட்டி, வேலைக்காரம்மா, வாட்ச்மேன் ஆளுக்கொரு பிடி என்றால் முடிந்தது.

இன்னொரு விஷயத்தை நம் பக்கத்துக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பைக் காட்டுங்கள் பார்ப்போம். மீந்த குழம்புச் சோற்றைத் தட்டில் கொட்டுவது பாசம் இல்லை, வருடக்கணக்கில் கொடுத்தால் சோகை வந்து நிற்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட் இரண்டும் கூடவே கூடாது, பிள்ளைகள் வரும் மாதத்தில் இதை முதலில் சொல்லி வையுங்கள். சோறு, வேகவைத்த கறி, முட்டை, உப்பு மசாலா இல்லாமல் கொடுத்தால் போதும்.

அப்புறம் உங்கள் வீட்டுத் தரை. ஆத்தங்குடிக் கல் மேலே வழவழவென்று இருக்கும். அதில் வளர்கிற கனமான குட்டி, லாப், அல்சேஷன், ராட்வைலர் எதுவானாலும், பின்னங்கால் வழுக்கி வழுக்கி ஓடும். இந்த இனங்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத பரம்பரைக் கோளாறு ஏற்கெனவே அதிகம், வழுக்குத் தரை அதை இன்னும் மோசமாக்கும். குட்டி நடமாடும் இடத்தில் கோரைப்பாயோ கயிற்றுப்பாயோ விரித்து வையுங்கள், அல்லது முதல் வருடம் பின்கட்டில் மண் தரையில் வளரட்டும்.

சும்மாவந்தவன்:
அல்சேஷன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, போலீஸ்காரன் வைத்திருப்பது அதுதானே?

மாட்டு டாக்டர்:
போலீஸ்காரன் வைத்திருப்பதால்தான் சொல்லவில்லை. 1899இல் ஜெர்மனியில் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கிற நாய்களிலிருந்து அதைத் திரட்டினார். நாள் முழுக்க மந்தையைச் சுற்றி ஓடி, மேய்ப்பவன் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிற நாய் அது, புத்தி அதிகம், அந்தப் புத்திக்கு வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும், வருகிற போகிற சைக்கிளை எல்லாம் மேய்க்கும். போலீஸில் அதற்கென்று ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார். டாபர்மேன் இன்னொரு கதை. ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்த டாபர்மேன் என்பவர், பணப்பையோடு போகும்போது துணைக்கு வேண்டும் என்று உருவாக்கியது. கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த நம் ஊருக்கு அந்த மனிதரின் கவலை நன்றாகப் புரியும். ஆனால் அது ஆளை ஒட்டியே நடக்கிற நாய், ஆளை விட்டுத் தனியாகப் போட்டால் வீணாகிவிடும். இதயத் தசை நோயும் அந்த இனத்தில் அதிகம்.

கிடைக்காரன்:
எங்கள் அப்பா காலம் வரை கிடை போட்டவர்கள் நாங்கள். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி செம்மறியை மறித்துப் போடுவோம், புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், வயல்காரர் நெல்லோ காசோ கொடுப்பார். கிடை என்றால் கூடவே நாய் உண்டு. இனம் கினம் எதுவும் கிடையாது, நாட்டு நாய், செவலை, கருப்பு, சாம்பல் எதுவானாலும் சரி.

வெள்ளைக்காரன் ஊரில் நாய் ஆட்டை ஓட்டும் என்று டாக்டர் சொன்னார், யூடியூபிலும் பார்த்திருக்கிறேன், பார்டர் கோலி கண்ணாலேயே ஆட்டை நிறுத்துகிறது. எங்கள் நாய் ஆட்டை ஓட்டவே ஓட்டாது. ஓட்டுவது ஆடு மேய்க்கிற கீதாரியின் வாயும் கம்பும்தான். நாயின் வேலை ராத்திரி. கிடைக்குள் படுக்காது, பத்தடி தள்ளி வெளியே படுக்கும், நரி வந்தாலும் ஆள் வந்தாலும் அங்கேயே நின்று குரைக்கும், நாங்கள் எழுந்து வரும் வரைக்கும் விடாது. துரத்திக்கொண்டு தூரமாகப் போகாது, போனால் இந்தப் பக்கம் கிடை காலியாகிவிடும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் திறந்த கொஞ்ச நாளிலேயே குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு படுக்கவிடுவோம், அந்த வாசனையிலேயே வளரும். விளையாட்டுக்குக்கூட ஆட்டுக்குட்டியின் காலைக் கவ்வுகிற குட்டியை எங்கள் அப்பா வைத்துக்கொள்ள மாட்டார், யாராவது வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து நின்றதுதான் மிச்சம் இருக்கிற நாய். புத்தகத்தில் பேர் இல்லை, அவ்வளவுதான்.

வளவுவீட்டுக்காரர் கேட்கிற வேலையும் இதுதானே? யாராவது வந்தால் சத்தம் போட வேண்டும், விடாமல் போட வேண்டும், பிள்ளையைக் கடிக்கக் கூடாது. ஆளைக் கிழிக்கிற நாய் யாருக்கு வேண்டும்? திருடன் சத்தத்துக்குப் பயப்படுகிற அளவுக்குப் பல்லுக்குப் பயப்படுவதில்லை, பல்லுக்குத்தான் மருந்து வைத்த கறியைத் தூக்கிப் போடுகிறான்.

பள்ளத்தூர்க்காரன்:
எல்லோரும் தெருநாயை எடுத்து வளர்த்தால் ராஜபாளையமும் கோம்பையும் யார் வளர்ப்பது? இப்படித்தான் இராமநாதபுரம் மண்டை நாய் கண்ணிலேயே படாமல் போய்விட்டது. வளர்க்கிறவன் இல்லாவிட்டால் இனம் போய்விடும் அண்ணே. 2020இல் பிரதமர் வானொலியில் கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று பேர் சொன்னதும் ஒரு வருடம் எல்லோரும் தேடி வாங்கினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள்.

செவலைக்கன்னி:
அந்த ஒரு வருடம்தான் பெரிய கொடுமை. விலை ஏறியதும் தாய் தகப்பன் எது என்று தெரியாமல் குட்டி போட வைத்தார்கள், கலப்பை எல்லாம் கன்னி என்று விற்றார்கள், வாங்கினவர்கள் ஓடவிட இடமில்லாமல் அடுத்த வருடம் ரோட்டில் விட்டார்கள். இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இடமும் நேரமும் உள்ளவன் வளர்க்கட்டும். எழுபது வயது ஆத்தா ஏன் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும்?

பள்ளத்தூர்க்காரன்:
சரி, அது நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு கோம்பைக்கு.

மாட்டு டாக்டர்:
இனம் இனம் என்று பேசுகிறோமே, ஒரு தகவல். 2022இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, அமெரிக்காவில் பதினெட்டாயிரம் நாய்களுக்கு மேல் சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணத்தில் இருக்கிற வித்தியாசத்தில் ஒன்பது சதவீதம் போலத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. சொன்ன பேச்சைக் கேட்பது மாதிரிச் சில குணங்களில் இனத்தின் கை கொஞ்சம் கூடுதல், எளிதில் கோபம் வருவதில் மிகக் குறைவு. அதற்காகக் கன்னி ஓடாது, லாப் தண்ணீரில் இறங்காது என்று ஆகிவிடாது. கிடைக்காரர் சொன்னாரே, காலைக் கவ்வின குட்டியைக் கழித்தார்கள் என்று, அவர்கள் பார்த்தது தனித்தனிக் குட்டியை. நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தாய் நாய் எப்படி இருக்கிறது? ஆளைக் கண்டு வாலைச் சுருட்டிக்கொண்டு பதுங்குகிறதா, பாய்கிறதா, எழுந்து வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்கிறதா? கடைசியில் சொன்னதுதான் உங்களுக்கு வேண்டும்.

மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்கு உலகம். அந்த நாட்களில் பிள்ளைகள், குடை பிடித்தவர், தாடிக்காரர், ஆட்டோ, மேளம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது, 2017 விதிப்படி விற்கவே கூடாது. கண் திறந்ததும் பையில் போட்டுக் கொடுக்கிறவனிடம் வாங்காதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
டாக்டர், பிள்ளைகள் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை நாயைப் பொம்மை என்று நினைத்துக்கொண்டு வருகிறது.

மாட்டு டாக்டர்:
எவ்வளவு நல்ல நாயானாலும் நான்கு வயதுப் பிள்ளையோடு தனியாக விடக் கூடாது, லாப்பிரியன் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. நாய் உறுமினால் அதை அடிக்காதீர்கள். உறுமுவது எச்சரிக்கை, அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டு, பிறகு வருடா வருடம். வீட்டு நாய் கீறினாலும் தெருநாய் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அந்த நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது.

வளவுவீடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் அப்பச்சி ஆத்தா இருவரையும் சென்னைக்கு அழைத்து வந்துவிடுவேன், ஃப்ளாட்டில் நாய் வைக்க விடமாட்டார்கள். அப்போது வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். வீடு காலியாக இருக்கும் அந்த நாட்களுக்குத்தான் முக்கியமாக நாய் வேண்டும்.

செவலைக்கன்னி:
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

கிடைக்காரன்:
அப்படியானால் எந்த நாய் என்ற பேச்சே இல்லை, யார் நாய் என்பதுதான் பேச்சு. ஆள் இல்லாத வீட்டை நாய் காக்காது தம்பி. அது கல்லையும் தேக்கையும் காவல் காப்பதில்லை, தனக்குச் சோறு வைக்கிற ஆளைச் சுற்றிக் காவல் காக்கிறது, அந்த ஆள் இருக்கும் இடம் வீடு. கிடையை வேறு வயலுக்கு மாற்றினால் நாய் கேள்வி கேட்காமல் அங்கே வந்து படுத்துவிடும், பழைய வயலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் வீட்டில் மூன்று மாதம் இருக்கப்போவது வாட்ச்மேன் என்றால் நாய் அவருக்குப் பிடித்ததாக, அவரால் பிடிக்க முடிந்ததாக இருக்க வேண்டும். அவரைக் கேட்டீர்களா?

லாப்பிரியன்:
லாப் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் கிளம்பிப் போய்விட்டால் அது சாப்பாட்டையே விட்டுவிடும்.

மாட்டு டாக்டர்:
ராஜபாளையமும் இங்கே அடிபட்டுப் போகிறது. எஜமான் யார் என்பது வருடத்துக்கு ஒரு தடவை மாறுகிற வீட்டில் அது கெட்டுப்போகும். பூட்டின வீட்டில் நாயைக் கட்டிப்போட்டு, ஒருவர் சாயங்காலம் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன். சங்கிலியிலேயே கிடக்கிற நாய் வெறி பிடித்தது மாதிரி எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், தெருவே அதன் சத்தத்துக்குப் பழகிவிடும், நிஜமாகவே ஒருவன் ஏறிக் குதிக்கிற ராத்திரியிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் எனக்குப் போன் வரும். அந்த மூன்று மாதத்துக்குப் பின்தெருப் பக்கம் விளக்கும் கேமராவும் போடுங்கள். ஓட்டுக் கூரை வழியாக உள்ளே இறங்கும் இடத்துக்குக் கம்பி போடுங்கள். நாய்க்கு ஆகிற செலவைவிட அதிகம் ஆகாது.

தேவகோட்டை ஆச்சி:
அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினாயே தம்பி, அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். சும்மா இருக்கிறவர் மனதில்தான் ஏதாவது இருக்கும்.

வளவுவீடு:
கேட்டேன் ஆச்சி. எங்கள் ஐயா (தாத்தா) காலத்தில் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்ததாம், ஐயா வைரவன்பட்டிக்குக் கிளம்பினால் வண்டிக்குப் பின்னாலேயே பாதி தூரம் வருமாம். சாதி நாய் எல்லாம் வேண்டாம், காலையில் கூட நடக்க ஒன்று இருந்தால் போதும் என்கிறார். வாட்ச்மேனையும் கேட்டேன். கார்த்திகையில் நாயைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் வருவேன், பகலில் அங்கே, ராத்திரி இங்கே, பெரிதாக இழுக்காத நாயாக இருந்தால் சரி என்றார். அவர் பேரன் பேத்திகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், ஆகவே குட்டி பிள்ளைகளோடும் பழகிவிடும். ராட்வைலரை மச்சானே வாங்கிக்கொள்ளட்டும். கிடைக்காரர் அண்ணே, உங்கள் பக்கம் குட்டி கிடைக்குமா?

பள்ளத்தூர்க்காரன்:
கோம்பை கலந்த நாட்டு நாயாகவாவது பாருங்கள்.

கிடைக்காரன்:
கிடைக்கும். என் சித்தப்பா மகன் இன்னும் ஆடு வைத்திருக்கிறான், அவன் நாய் இப்போதுதான் ஈன்றிருக்கிறது. மாசிக் கடைசியில் கிடை கண்டனூர்ப் பக்கம் வரும், அதற்குள் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிவிடும். காசு வேண்டாம், ஆனால் பொட்டைக் குட்டி எடுத்தால் கருத்தடை பண்ணிவிட வேண்டும், அதற்கு ஒத்துக்கொண்டால்தான் கொடுப்பான். சாயங்காலமாக வாருங்கள், பகலில் தாய் ஆட்டோடு போய்விடும்.

மாட்டு டாக்டர்:
எடுத்த அன்றைக்கே பூச்சி மருந்து கொடுத்து, பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். அந்த ஊசித் தொடர் முடியும் வரை மற்ற நாய்கள் மோந்து திரியும் இடத்தில் இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டுங்கள். முதல் நாள் வாட்ச்மேனையும் கூட அனுப்புங்கள், ஊசிச் சீட்டு அவர் கையில் இருக்கட்டும்.

வளவுவீடு:
சரி டாக்டர். அப்பச்சி, வாட்ச்மேன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கண்டனூர் வருகிறேன், குட்டியை அவர்களே பார்த்து எடுக்கட்டும்.